தோற்றவர்கள் எங்கே போனார்கள்?

திருத்தணியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், பேரு, வேலை இரண்டும் கேட்டபிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: “பூர்வீகம் எது?” கேட்பவர் தமிழ் பேசலாம், தெலுங்கு பேசலாம், பெரும்பாலும் இரண்டுமே பேசுவார். அதில் கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியமில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. யார் முன்னாடி இருந்தார், யார் பின்னாடி வந்தார், எனவே யாருக்கு எவ்வளவு உரிமை. இந்த ‘எனவே’ சரிதானா?

உலகத்தில் அதிகம் தோண்டிப் பார்க்கப்பட்ட பூர்வீகங்களில் ஒன்று பழைய இஸ்ரவேலர்களுடையது. விவிலியக் கதை தெரிந்ததுதான்: எகிப்தில் அடிமைகள், பாலைவனம், பிறகு யோசுவாவின் தலைமையில் கானானைப் பிடித்து அங்கிருந்தவர்களை அழிப்பது. 1950களில் கேத்லீன் கென்யன் எரிகோவைத் தோண்டினார். யோசுவாவின் காலம் எனப் பலர் கருதும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில், இடிந்து விழுவதற்கு அங்கே மதில் இருந்த தடயமே கிடைக்கவில்லை. 1896இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில் கானான் பகுதியில் ‘இஸ்ரவேல்’ என்றொரு மக்கள் இருந்ததைச் சொல்கிறது. அந்தக் காலத்தையொட்டி மலைப்பகுதியில் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் முளைக்கின்றன. அவற்றின் பானைகள் பெரும்பாலும் கானானியப் பானைகளின் தொடர்ச்சி. எபிரேயமும் கானானிய மொழிகளில் ஒன்றுதான்.

அமைதியாக வந்து குடியேறிய மேய்ப்பர்கள் என்றார் ஆல்பிரெக்ட் ஆல்ட். நகர அரசுகளை எதிர்த்துக் கிளம்பிய உழவர்கள் என்றார் 1962இல் ஜார்ஜ் மெண்டன்ஹால். உள்ளூர் மேய்ச்சல்காரர்களே மலையில் ஊர் போட்டுத் தங்கிவிட்டார்கள் என்கிறார் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன். எகிப்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்து கலந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. விவாதம் முடியவில்லை. ஆனால் இஸ்ரவேலர்களில் பெரும்பகுதி கானானியர்களிலிருந்து கிளைத்தவர்கள் என்பதை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இன்று ஏற்கிறார்கள். அப்படியென்றால், கதையில் தாங்கள் அழித்ததாகச் சொல்லும் மக்களின் பிள்ளைகள்தான் அவர்கள். மென்பொருள் வேலையில் இது எனக்குப் பழக்கமான விஷயம். ‘முழுக்கப் புதுசா எழுதினது’ என்பார்கள். திறந்து பார்த்தால் பாதி பழைய நிரல்.

இந்தக் கதைக்கு நம்மூர்ப் பதிப்பும் இருக்கிறது. சென்னையிலிருந்து திருத்தணி வரும் மின்சார ரயில் திருமுல்லைவாயிலைக் கடந்துதான் வரும். தொண்டை நாடு ஒருகாலத்தில் குறும்பர்களுடையது, புழல் அவர்களுடைய கோட்டை, சோழ இளவரசன் ஆதொண்டை அவர்களை ஒழித்துவிட்டு வெளியிலிருந்து வேளாளர்களைக் குடியேற்றினான் என்கிறது மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் வரும் கதை. குறும்பர் கோட்டையிலிருந்து எடுத்துவந்தவை என்று திருமுல்லைவாயில் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டுகிறார்கள்.

பட்டயங்களிலும் கல்வெட்டுகளிலும் தெரியும் வரலாறு வேறு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் இங்கே வென்றது பல்லவன் அபராஜிதனை. 1977இல் திருத்தணிக்குப் பக்கத்தில் வேளஞ்சேரியில் கிடைத்த செப்பேடுகளில் ஒன்று அந்த அபராஜிதனுடையது, இன்னொன்று ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. தோற்றவன் கொடுத்த பட்டயமும் வென்றவனின் மகன் கொடுத்த பட்டயமும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. ராஜா மாறுவதும் ஜனங்கள் மாறுவதும் ஒன்றல்ல.

அப்புறம் ஏன் ‘அழித்தோம், குடியேறினோம்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? வெற்றிக் கதை ஒரு பட்டா. இந்த நிலத்தில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று அது எழுதிக்கொள்கிறது. அதற்குத் தோற்றவன் முழுசாகக் காணாமல் போயாக வேண்டும். அவன் உயிரோடு இருந்தாலும், அவனே நம் பாட்டனாக இருந்தாலும், அந்நியனாக்கியாக வேண்டும்.

பூர்வீகத்துக்கு மதிப்பே இல்லையென்றால் ஆதிவாசிகளின் நில உரிமை என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுடைய காடு பறிக்கப்பட்டது. பறிப்பு இன்றும் நடக்கிறது. அந்த அநியாயமே உரிமைக்குப் போதுமான காரணம். மூவாயிரம் வருஷத்துச் சான்று கொண்டுவா என்று அவர்களிடம் கேட்பதே இன்னொரு அநியாயம்.

திருத்தணியின் எல்லை வழக்கும் இப்படித்தான் தீர்ந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஊர் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. பல்லவர் எங்கிருந்து வந்தார்கள் என்று படாஸ்கர் ஆராயவில்லை. கிராமத்தை அலகாக வைத்து, இப்போது இங்கே எந்த மொழி பேசுபவர்கள் அதிகம் என்று பார்த்தார். குறை இல்லாத வழியல்ல அது. இந்தப் பக்கம் தெலுங்குக்காரர்களும் அந்தப் பக்கம் தமிழர்களும் சிறுபான்மையானார்கள். ஆனால் எண்ணப்பட்டவர்கள் உயிரோடு இருந்தவர்கள். யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்த மலைக்கு உரிய கதையில் வேறொரு வழி இருக்கிறது. கந்தபுராணத்தில் முருகன் வள்ளியைக் கூட்டிக்கொண்டு போகிறான், வேடர்கள் துரத்திவந்து செத்து விழுகிறார்கள். வென்றவன் அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. முருகன் சொல்ல, வள்ளி அவர்களை எழுப்புகிறாள். அவர்கள் ஊருக்கே திரும்பிப் போய், அவளுடைய அப்பா கொடுக்க, கல்யாணம் நடக்கிறது. அதன்பிறகுதான் செருத்தணி, செரு தணிந்த இடம்.

விவிலியத்திலும் இரண்டும் உண்டு. கானானியரை ஒழிக்கச் சொல்கிற அதே நூல்தான், எகிப்தில் தாங்கள் அந்நியராகக் கிடந்ததை நினைத்து, தங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காமல் இருக்கச் சொல்கிறது. ஒரே பழங்காலத்திலிருந்து இரண்டு ‘எனவே’. எது வரலாற்றில் நடந்தது என்பதை அகழாய்வாளர்கள் சொல்லட்டும், அந்த வேலை அவசியம். எந்த ‘எனவே’யை எடுத்துக்கொள்வது என்பதை எந்தப் பானை ஓடும் சொல்லித் தராது. யார் தன் பூர்வீகக் கதையைச் சொன்னாலும் நான் இப்போது கவனிப்பது ஒன்றைத்தான்: அந்தக் கதையில் விழுந்தவர்கள் எழுந்திருக்கிறார்களா?