குணமும் காரணமும்

வண்டி ஓடிவிட்டால் அதுவே நிரூபணம் ஆகிவிடுமா? பழைய புல்லட் ஒன்று ஒழுங்காகத்தான் கிளம்புகிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடியபின் விக்குகிறது, நின்றுவிடுகிறது. சாலையோரம் கொஞ்சம் காத்திருந்து உதைத்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. பாயிண்ட்டும் கண்டென்சரும் வைத்த அந்தக் காலத்து இஞ்சினில் இந்த ஒரே நடத்தைக்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் பரஸ்பர சம்பந்தம் கிடையாது.

ஒன்று, பெட்ரோல் டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருப்பது. பெட்ரோல் இறங்க இறங்க, காலியான இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் உள்ளே அழுத்தம் குறைகிறது. தன் எடையால் மட்டுமே இறங்கிக்கொண்டிருந்த பெட்ரோல் ஒரு கட்டத்தில் நின்றுபோகிறது. மற்றது கண்டென்சர். குளிர்ந்திருக்கையில் நல்லபடியாக இருப்பது சூடேறியதும் கெடுகிறது. ப்ளக்கில் பொறி மெலிகிறது. காத்திருந்தால் டாங்குக்குள் எப்படியோ காற்றுக் கசிந்துவிடும், கண்டென்சரும் ஆறிவிடும். காத்திருத்தல் இரண்டையும் குணப்படுத்துகிறது, அதே செயலில் சாட்சியத்தையும் அழித்துவிடுகிறது. நின்ற அந்தக் கணத்திலேயே மூடியைத் திறக்கிறவனுக்குத்தான் பதில் கிடைக்கும். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், இஞ்சின் ஆறுவதற்கு முன்பே வண்டி கிளம்பினால் முதலாவது. கிளம்பாமல், கழற்றிய ப்ளக்கில் பொறி மஞ்சளாய், நோஞ்சானாய் இருந்தால் இரண்டாவதன்மேல் சந்தேகம் வலுக்கிறது. சந்தேகம்தான், காயிலும் சூட்டில் இப்படிச் செய்யக்கூடும்.

நடப்பதோ வேறு. மெக்கானிக் கண்டென்சரை மாற்றுகிறார், ப்ளக்கை மாற்றுகிறார், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதுகிறார், போகிற போக்கில் மூடியையும் துடைத்துவிடுகிறார். வண்டி ஓடுகிறது. “கண்டென்சர் போயிருந்துச்சு சார்” என்கிறார். நாலையும் சேர்த்துச் செய்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விடிந்ததும் ஐம்பது மைல் போகவேண்டியவனிடம், ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்போம் என்பது வக்கிரம். என் ஆட்சேபம் அந்த ஒரு வாக்கியத்தின்மேல். ஓடுகிற வண்டியின் பலத்தில் அது உண்மையாக உலவத் தொடங்கி, அடுத்த வண்டி வரும்போது அனுபவம் என்ற பெயரையும் பெற்றுவிடுகிறது.

நியாய தரிசனக்காரர்கள் காரணத்தை நிச்சயிக்க அன்வயம், வியதிரேகம் இரண்டையும் கேட்டார்கள்: அது இருக்கும்போது இது இருப்பது, அது இல்லாதபோது இது இல்லாமற்போவது. கண்டென்சர்தான் என்று சொல்லவேண்டுமானால் கழற்றிய பழையதையே திரும்ப மாட்டி, வண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குணமானதற்கு வியாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? (2020இல் பி.எஸ். 6 விதி வந்ததும் புல்லட்டும் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டது. கோளாறுக்கு இப்போது எண் கிடைக்கிறது, எண்ணும் அறிகுறிதான்.)

நம் விமர்சனத்திலும் ருசு இப்படித்தான். ஒருவன் யாப்பை விட்டான், ஊரை விட்டான், வாரப் பத்திரிகைகளுக்கு எழுதுவதை விட்டான், கவிதை வந்தது. யாப்பை விட்டதால் வந்தது என்று எழுதிவிடுகிறோம். அவனைத் திரும்ப யாப்புக்குள் உட்காரவைத்துப் பார்க்க முடியாது என்பது வாஸ்தவம். முடியாது என்பதையாவது கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், கழற்றிய கண்டென்சரைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார். “மறுபடி நின்னா இது இல்லேன்னு அர்த்தம். வெச்சுக்குங்க” என்பார். அநேகம் பேர் கடை வாசலிலேயே அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.