கடவுச்சொல்லை மறந்தவர் யார்?

பெட்டியின் சாவி தொலைந்துவிட்டால் பூட்டை உடைக்கலாம். புதுச் சாவி செய்து தருவதற்கு ஆளும் உண்டு. கணினிக் காலத்துப் பூட்டு இதிலிருந்து வேறுபட்டது. அதன் சாவி இரும்பாலோ பித்தளையாலோ ஆனதன்று, நினைவால் ஆனது. மேசைமீது இருக்கும் மடிக்கணினி ஒருவருக்குச் சொந்தமானது. அதனுள் இருக்கும் கட்டுரைகளும் கணக்குகளும் புகைப்படங்களும் அவருடையவை. எதிரே அமர்ந்திருப்பவரும் அவரே. ஆயினும் எட்டுப் பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல் நினைவுக்கு வராத காரணத்தால், தம்முடைய பொருளுக்கே அவர் அயலார் ஆகிவிடுகிறார்.

'நீ யார்?' என்று மடிக்கணினி அவரைக் கேட்பதில்லை. 'உனக்கு என்ன நினைவிருக்கிறது?' என்றுதான் கேட்கிறது. இவ்விரு கேள்விகளும் ஒன்றுதானா? நினைவு நீங்கினால் மனிதனும் நீங்கிவிடுகிறானா? அன்றாட வாழ்வின் சிறு தொல்லையாகத் தோன்றும் ஒன்று, ஆராயப் புகுந்தால் மிகப் பழமையான ஒரு தத்துவ விசாரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பூட்டின் இயல்பு

கணினியில் கடவுச்சொல் புகுந்த வரலாறு சுவையானது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் உருவாக்கினர். ஒருவருடைய கோப்புகளில் மற்றொருவர் தலையிடாதிருக்க ஆளுக்கொரு சொல் வழங்கப்பட்டது. 1962-இல் ஆய்வு மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை என்பதற்காக, அச்சொற்களின் பட்டியல் முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த சில காலத்திலேயே அதை மீறும் ஆசையும் பிறந்துவிட்டது!

சொல்லை அப்படியே சேமித்து வைத்தால் அது திருடப்படும் என்பதை இத்தகைய அனுபவங்கள் உணர்த்தின. எனவே சொல்லைச் சேமிக்காமல், அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஓர் அடையாளத்தை மட்டும் சேமிக்கும் முறை வழக்குக்கு வந்தது. யூனிக்ஸ் அமைப்பில் இம்முறை வளர்ந்த விதத்தை ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோலவே, சொல்லிலிருந்து அடையாளத்தைப் பெறலாம். அடையாளத்திலிருந்து சொல்லைத் திரும்பப் பெறும் நேர்வழி இல்லை. ஆகவே, மறந்தவர் எவ்வளவு மன்றாடினாலும் மடிக்கணினியால் அந்தச் சொல்லைக் கூற முடியாது. அதற்கும் அது தெரியாது. சரியான சொல் வரும்போது ஒப்பிட்டு அறிவது ஒன்றே அதற்கு இயலும்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிந்துகொள்வது நல்லது. சில கணினிகளில் கடவுச்சொல் வாயிற்கதவு போன்றது. கதவைக் கழற்றிவிட்டால் உள்ளிருக்கும் பொருள் அப்படியே கிடைக்கும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றிலோ சேமிப்புத் தட்டு முழுவதுமே மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது. 2007-இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த பிட்லாக்கர் இத்தகையது. அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்று உண்டு. கடவுச்சொல்லும் போய், மீட்பு எண்ணும் போய், வேறு பிரதியும் இல்லையென்றால், பொருள் கண்முன் இருந்தும் இல்லாததே ஆகிவிடும். மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதும், முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்தில் பிரதி வைப்பதும் இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும் பொதுவான விவேகம்.

சினமும் மறதியும்

சொல் நினைவுக்கு வராதபோது முதலில் எழுவது சினம். தட்டியதையே மீண்டும் மீண்டும் தட்டுகிறார். வீட்டிலிருப்பவர்கள்மீது எரிந்து விழுகிறார். கணினியோ, தவறான முயற்சிகள் பெருகப் பெருகக் காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறது. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம், பொருள்களைப் பற்றிய சிந்தனையில் தொடங்கி அழிவில் முடியும் ஒரு சங்கிலியை விளக்குகிறது. அதில் சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவின் குலைவும், அதிலிருந்து புத்தியின் நாசமும் வருவதாகக் காட்டப்பட்டுள்ளது. பூட்டிய கணினியின் முன் அமர்ந்து சினம் கொள்பவரிடம் இச்சங்கிலியின் ஒரு பகுதியைக் கண்கூடாகக் காணலாம்.

முன்னைய அனுபவம் மனத்தில் பதித்த சம்ஸ்காரத்திலிருந்து மட்டும் பிறக்கும் அறிவே நினைவு என்பது நியாய தத்துவத்தின் கொள்கை. சம்ஸ்காரம் உள்ளே உறங்குகிறது. அதை எழுப்ப ஒரு தூண்டுதல் வேண்டும். அத்தகைய தூண்டுதல்களை கௌதமரின் நியாய சூத்திரம் நீண்ட பட்டியலாகத் தருகிறது. மனத்தை ஒருமுகப்படுத்துதல் அதில் முதலாவது. பயிற்சி, அடையாளம், ஒப்புமை முதலியவை தொடர்ந்து வருகின்றன. சற்று எழுந்து சென்று, மனம் அடங்கிய பின் திரும்பி வந்து, வழக்கம்போல் விரல்களை விசைப்பலகைமீது வைத்தவுடன் சொல் தானே வந்துவிடுவதும் உண்டு. மனம் தேடிக் களைத்ததை விரல்களின் பழக்கம் எழுப்பிவிடுகிறது.

திறக்கும் உரிமை யாருக்கு?

சொல்லை மறந்தவர் உயிரோடிருக்கும்வரை சிக்கல் சிறியது. அவர் மறைந்துவிட்டால்? ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை காலமாகிவிட்டார். காப்பீடு, வங்கி வைப்பு, கடன் ஆகியவற்றின் விவரங்கள் யாவும் அவருடைய மடிக்கணினியில் உள்ளன. கூடவே நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும், யாருக்கும் காட்டாத நாட்குறிப்பும் இருக்கின்றன. கருவி இப்போது மகனிடம் உள்ளது. பூட்டை நீக்கித் தரும் தொழில்நுட்பரும் அடுத்த தெருவில் இருக்கிறார். மகன் அதைத் திறக்கலாமா?

உரியவரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் விதிமீறலாகக் கருதுகிறது. மரணத்துக்குப் பின்னரோ செயலற்ற நிலையிலோ தம் தரவு சார்ந்த உரிமைகளைக் கையாள ஒருவரை நியமித்து வைக்க 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. ஆனால் சட்டம் நிற்கும் இடத்திலும் தர்மத்தின் கேள்வி நிற்பதில்லை. கருவி வாரிசுக்கு வரலாம். தந்தை தம் உள்ளத்தில் வைத்திருந்த இரகசியமும் வாரிசுரிமையாக வருமா?

பதஞ்சலி கூறும் யமங்களுள் ஒன்று அஸ்தேயம், அதாவது திருடாமை. பிறர் பொருளை எடுக்காமை மட்டுமே அதன் எல்லையன்று. பிறர் மறைத்து வைத்ததை ஆவலால் எட்டிப் பார்க்காமையும் அதில் அடங்கும் என்று கொள்வது பொருந்தும். தாயின் பராமரிப்புக்கும் கடன் தீர்ப்பதற்கும் தேவையானவற்றை மகன் எடுக்கலாம். அது அவனுடைய கடமை. கடமை முடிந்த இடத்தில் அவன் கை நிற்க வேண்டும். நாட்குறிப்பு திறந்தே கிடந்தாலும் அதைப் படிக்காமல் மூடுவது தந்தைக்குச் செய்யும் ஒருவகை நீர்க்கடன்.

தந்தைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தேவையானவற்றைத் தேவையானவர்க்குத் தெரியும்படி முத்திரையிட்ட உறையில் எழுதி வைப்பது, பின்வருபவர்களைத் தர்மசங்கடத்திலிருந்து காப்பாற்றும்.

நினைவுதான் மனிதனா?

இனி மூலக் கேள்விக்கு வரலாம். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், 1694-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த ஓர் அத்தியாயத்தில், கடந்த செயல்களை நோக்கித் தன்னுணர்வு எவ்வளவு தூரம் நீள்கிறதோ, அவ்வளவு தூரமே ஒரு நபரின் அடையாளமும் நீள்கிறது என்று வாதிட்டார். கடவுச்சொல் கேட்கும் கணினி ஒருவகையில் லாக்கின் மாணவன்: நினைவிருந்தால் 'நீ அவன்', இல்லையேல் 'நீ அயலான்'.

இதற்கு ஸ்காட்லாந்து அறிஞர் தாமஸ் ரீட் 1785-இல் ஒரு மறுப்புக் கூறினார். பழத்தோட்டத்தில் திருடியதற்காக அடிபட்ட சிறுவன் ஒருவன் பின்னாளில் வீரனாகிப் போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். வீரனுக்குத் தான் அடிபட்டது நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி நினைவில்லை. லாக்கின்படி சிறுவனும் வீரனும் ஒருவரே, வீரனும் தளபதியும் ஒருவரே. ஆனால் சிறுவனும் தளபதியும் வெவ்வேறு நபர்கள்! இது பொருந்தாது.

நம் மரபு இதை வேறு வழியில் அணுகுகிறது. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்ற கொள்கையை மறுக்கும்போது, ஸ்ரீசங்கரர் தம் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் நினைவையே சான்றாகக் காட்டுகிறார். அன்று கண்டவனும் இன்று நினைப்பவனும் ஒருவனாக இல்லாவிடில் நினைவு எவ்வாறு நிகழும்? ஆகவே நினைவு ஆத்மாவின் நிலைபேற்றுக்கு அடையாளம். ஆனால் அடையாளம் வேறு, ஆதாரம் வேறு. புகையைக் கண்டு நெருப்பை அறிகிறோம். புகை இல்லாத இடத்தில் நெருப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அதுபோல, நினைவு இருக்குமிடத்தில் ஆத்மா இருப்பது உறுதி. நினைவு மங்கிய இடத்தில் ஆத்மா இல்லை என்று கூற நியாயம் இடம் தராது. யோக சூத்திரமோ நினைவை ஐந்து சித்த விருத்திகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. விருத்தி என்பது காணப்படுவது. காண்பவன் அதற்கும் அப்பாற்பட்டவன்.

பத்தாமவன்

பத்துப் பேர் ஆற்றைக் கடந்த கதை வேதாந்த நூல்களில் புகழ்பெற்றது. கரையேறி எண்ணிப் பார்த்த ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு ஒன்பது பேரையே எண்ணினான். பத்தாமவன் ஆற்றோடு போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவ்வழியே வந்தவர், 'நீயே பத்தாமவன்' என்றார். புதிதாக எவனும் வந்து சேரவில்லை, இருந்தவன் அறியப்பட்டான். அழுகை உடனே நின்றது. ஆனால் அடித்துக்கொண்டதால் தலையில் பட்ட காயம் ஆற நாளாயிற்று என்கிறது வித்யாரண்யரின் பஞ்சதசி.

மறையாக்கம் செய்த கணினியின் உவமை இங்கே நின்றுவிடுகிறது. அங்கே சொல் போனால் பொருளும் போயிற்று. ஆத்மாவோ மறதியால் தொலைவதில்லை. அப்படியானால் சாதனை எதற்கு? இழப்பு பொய்யாயினும் அழுகை மெய், காயமும் மெய். அறியாமையால் மனிதன் தனக்கும் பிறருக்கும் இழைத்துக்கொள்ளும் துன்பத்தை நீக்கவே கேட்டலும் சிந்தித்தலும் தியானமும் விதிக்கப்பட்டுள்ளன. கீதையின் முடிவில் அர்ஜுனன் மயக்கம் நீங்கி நினைவைப் பெற்றதாகச் சொல்வதும் இதனால்தான்.

இந்த உண்மை நூல்களுக்குள் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. முதுமையாலோ மறதி நோயாலோ பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட பெரியவர்கள் இன்று பல இல்லங்களில் இருக்கின்றனர். அன்போடுதான் என்றாலும், பிள்ளைகள் அவர்களை நாள்தோறும் கேட்கின்றனர்: 'அம்மா, நான் யாரென்று தெரிகிறதா?' அது பூட்டு கேட்கும் கேள்வி. விடை வராதபோது கேட்டவர் மனமுடைகிறார். தாயோ ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் அஞ்சி விழிக்கிறார். கேள்வியை விடுத்து, 'அம்மா, நான் உங்கள் மகன், வந்திருக்கிறேன்' என்று கையைப் பற்றிக்கொள்ளலாம். அடையாளம் காணும் பொறுப்பை இனி மகன் ஏற்கட்டும். அவன் தொண்டு செய்வது தாயின் நினைவாற்றலுக்கு அன்று. அந்த நினைவு வந்தபோதும் போனபோதும் சாட்சியாய் நின்ற, இப்போதும் அவளுள் விளங்குகின்ற இறைவனுக்கே.