சிமெண்டுக்குள் ஒரு கடல்

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில் உருவான பாறை அது. ஆனால் அந்த மலையைச் சுற்றி எழும்புகிற வீடுகளின் சிமெண்டில் ஒரு பழைய கடல் இருக்கலாம்.

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புக்கல் அடுக்கொன்று உண்டு. புவியியலாளர்கள் அதை 'கிரைஃபியா சுண்ணாம்புக்கல்' என்கிறார்கள். கிரைஃபியா, அழிந்துபோன ஒரு சிப்பிப் பேரினம். கீழோடு தடித்து வளைந்திருக்கும். மேலோடு மூடி மாதிரி. இங்கிலாந்தில் இதற்குச் 'சாத்தானின் கால்நகம்' என்று பெயர். இப்பகுதிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிப் பொடித்து, களிமண்ணோடு 1,450 டிகிரி வரை சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள்.

எப்பவோ செத்த சிப்பியை எரிச்சா யாருக்கு என்ன நஷ்டம்? நியாயமான கேள்விதான். புலியைக் காப்பாற்றினால் நாளைக்குக் குட்டி போடும். சிப்பிக்கு வலியும் இல்லை, வாரிசும் இல்லை. அருங்காட்சியகத்தில் நாலு ஓடு எடுத்து வைத்தால் போதாதா?

போதாது என்பதற்கு அந்த அடுக்கின் பெயரே சாட்சி. கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஸ்டோலிஸ்கா, தென்னிந்தியச் சிப்பிப் படிமங்களை விவரித்து 1870–71இல் ஒரு பெரிய தொகுதி வெளியிட்டார். அக்காலத்தில் கிரைஃபியா என்று எழுதப்பட்ட 'வெசிகுலாரிஸ்' இனத்தை இன்று பிக்னொடான்ட்டே என்ற வேறு பேரினத்தில் வைக்கிறார்கள். ஓட்டுக்குள் நுரைபோல் தெரியும் குமிழ் அமைப்பு முக்கியமான காரணம். ஓடு மிச்சம் இருந்ததால்தான் திரும்பப் பார்க்க முடிந்தது. அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எப்படிக் கவிழ்ந்து கிடந்தது என்ற கேள்விகளுக்கு அலமாரியில் இருக்கிற ஓட்டால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

கீழடியில் ஒரு பானை ஓட்டுக்காக மாதக்கணக்கில் பொறுமையாகத் தோண்டுவதை நாம் கொண்டாடுகிறோம். அது நம் தாத்தன் வைத்திருந்த பானை. சிப்பி நமக்கு உறவில்லை. அதை வைத்துப் பெருமை பேச முடியாது. கடந்த காலத்தின் மேல் நமக்கு இருப்பது மரியாதையா, சொந்தப் பெருமையா என்று இந்த இடத்தில்தான் தெரியவரும் என்று நினைக்கிறேன்.

சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. நான் இருக்கிற வீடும் சிமெண்டுதான். அதில் எத்தனையோ பேரின் கூலியும் இருக்கிறது. வெடி வைப்பதற்கு முன் ஒருவர் அடுக்குகளை அளந்து, படம் எடுத்து, மாதிரி சேகரிக்கட்டும். வெட்டி முடித்த குழியில் ஒரு பக்கத்துச் சுவரை மட்டும் அப்படியே விட்டுவைக்கட்டும். நமக்குத் தோன்றாத கேள்வியோடு பின்னால் வருகிற ஒரு பிள்ளைக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.