வேட்டைநாயின் இயல்பும் வளர்ப்போனின் கடமையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பது பாலர் வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றது. நாய்க்கு மனிதன் நன்றியுள்ளவனா என்னும் வினாவோ எந்த வகுப்பிலும் எழுப்பப்படுவதில்லை.

வன்னிப் பெருநிலத்திலே இது வெறும் ஏட்டு வினாவன்று. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் முதலிய பகுதிகளில் காடும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. விளைந்த நெல்லைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பது கமக்காரனின் இராக்கால வேலை. அக்காவலிலும் வேட்டையிலும் நாய் அவனுக்குத் தொழிற்றோழனாக விளங்கியது. அதன் ஓட்டத்துக்குக் காடு இருந்தது. அதன் களைப்புக்குப் பொருள் இருந்தது. அத்தகைய நாயே வளவின் மூலையில், நான்கு முழச் சங்கிலியில், அழகுக்காகவும் அந்தஸ்துக்காகவும் கட்டப்படும்போது அறம் பற்றிய வினா எழுகின்றது.

வேட்டைநாய் என்பது என்ன? மோப்பத்தால் இரையைத் தேடுவன ஒருவகை. கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பன மற்றொரு வகை. தென் தமிழ்நாட்டின் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவற்றுள் இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சற்றுறை 2005ஆம் ஆண்டில் முத்திரை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், குறுகிய மயிர் என்பன இவ்வகை நாய்களின் உடலமைப்பு. வீட்டாரிடம் அமைதியும் அந்நியரிடம் ஒதுக்கமும் காட்டுவன. ஒருவரிடமே பெரிதும் ஒட்டிக்கொள்வன. எனினும் ஓடும் பொருளைக் கண்டால் துரத்துவன. அயலவரின் கோழியும் ஆட்டுக்குட்டியும் அவற்றுக்கு இரையாகவே தோன்றும்.

இதனைக் குற்றமெனக் கூறி நாயை அடிப்போர் உளர். ஆனால் இக்குணத்தை நாய் தானாகத் தேடிக்கொண்டதன்று. விரைந்து துரத்தும் நாயையே தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கியவன் மனிதன். தான் விரும்பி உண்டாக்கிய இயல்பைத் தனக்கு வசதியற்ற காலத்தில் குற்றமாக்குவது நீதியாகாது.

அவ்வாறாயின் அதனை வேட்டையாட விடுவதே அறமோ எனில், அன்று. மானும் மரையும் நோவறியும் உயிர்களே. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அவற்றுக்குக் காப்பளிக்கின்றது. விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, அவை துன்புறுமா என்பதே கேட்கத்தக்கது என்ற கருத்தைப் பெந்தம் 1789இல் வெளிவந்த தமது நூலிலே முன்வைத்தார். இவ்வளவுகோல் நாய்க்கும் பொருந்தும். அது துரத்தும் மானுக்கும் பொருந்தும். ஆகவே நாயின் இயல்பு கொல்வதற்கு உரிமை தருவதில்லை. ஓடுவதற்கும், மோந்து அறிவதற்கும், தோழமைக்கும் அது உரிமை கோருகின்றது. அவ்வுரிமையை நிறைவேற்றுதல் வளர்ப்போனின் கடன்.

அக்கடன் அன்றாட வேலைகளாகவே அமைகின்றது. காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த வேளையில் நன்கு ஓடவிடவேண்டும், உண்டவுடன் ஓடவிடலாகாது. வேலியும் படலையும் உறுதியாக இருத்தல் வேண்டும். கொழுப்புக் குறைந்த உடலாதலின் வெறுந்தரையிற் படுப்பதால் மூட்டுகளிற் புண் உண்டாகலாம்; சாக்கேனும் விரித்தல் நன்று. காட்டோரங்களில் உண்ணி மிகுதி. அது நோயையும் பரப்புமாதலின் செவியும் விரலிடுக்கும் நாள்தோறும் பார்க்கப்படவேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி தவறக்கூடாது. குட்டிப் பருவத்திலேயே அன்போடு பழக்கினால் அது சொற்கேட்கும். அடித்தால் அஞ்சக் கற்குமேயன்றி அறியக் கற்காது. இவற்றுக்கு நேரமில்லாதவன் வேட்டைநாயை வாங்காதிருப்பதே அவன் அதற்குச் செய்யும் முதல் நன்மையாகும்.

நெடுங்காலம் உழைத்த நாய் முதுமையுற்றபோது அதனைக் கைவிடுதல் மனிதத் தன்மையையே மழுங்கச் செய்யும் என்பது கான்ற் என்னும் தத்துவஞானியின் கருத்து. ஆனால் அவரது நோக்கில் அக்கடமை மனிதகுலத்துக்கு ஆற்றும் கடமையே. நாய்க்கு நேரே உரியதன்று. இவ்விடத்தில் வன்னியின் அண்மை வரலாறு ஒரு விடை பகர்கின்றது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின்னர் செட்டிகுளம் முகாம்களை அடைந்த மக்களால் நாய்களைக் காக்க இயலவில்லை. பிள்ளைகளையே காக்க இயலாதிருந்த காலம் அது. இயலாத ஒன்றைக் கடமையென எவர்மீதும் சுமத்தலாகாது. எனினும் வாசலில் விட்டுவந்த நாயை எண்ணி வருந்துவோர் உளர். தம் குணக்கேட்டுக்காக அன்று, அந்த நாய்க்காகவே அவர்கள் வருந்துகின்றனர். கடன் நேரே நாய்க்கு உரியது என்பதற்கு அவ்வருத்தமே சான்று.

தன்னைத் தொடர்ந்துவந்த நாயின்றிச் சுவர்க்கம் புகமாட்டேன் என்றான் பாரதத்துத் தருமன். அவனுக்குத் தெரிவு செய்ய இரு வழிகள் இருந்தன; ஆதலின் அது சோதனையாயிற்று. வழியற்று விட்டுவந்தவரை அச்சோதனையால் அளத்தல் கொடுமை. அதனால் அளக்கப்படவேண்டியவன், அமைதிக் காலத்தில், வளவும் நேரமும் வாய்த்திருந்தும் சங்கிலியை அவிழ்க்காதிருப்பவனே.