சாமிக்கு யார் பண்ணுவது?

"இவனும் படிச்சுட்டுக் கீழே போயிட்டா, எங்க சாமிக்கு யாரு வாத்தியாரே பண்ணுவா?"

வெள்ளிமலைப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் தமிழ் நடத்திய காலத்தில் ஒரு தகப்பனார் கேட்டது. கரியராமன் சாமிக்குப் பூசை செய்யும் குடும்பம். திருவிழாவுக்கு மகனைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

சின்னசேலத்தில் பிறந்த எனக்கு அந்த மலை வீட்டு மாடியிலிருந்து தெரியும். ஆனாலும் அது தீவுதான். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினால் வேறு உலகம். நாடு விடுதலை அடைந்த பிறகும் மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த மண். 1976-இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. கடுக்காய்ப் பருவம் வந்தால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகள் காட்டில் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், காயைத் தொட்டதுமே எது முற்றியது என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை.

அந்தத் தகப்பனாரின் கேள்வியை எளிதில் தள்ள முடியாது. என் தாத்தா சைவ சித்தாந்தம் படித்தவர். நூலால் வரும் அறிவைச் சித்தாந்தம் பாசஞானம் என்கிறது. அதுவும் உயிரைக் கட்டுவதுதான், பதியாகிய இறைவனைக் காட்டாது. அப்படியானால் எழுத்தே அறியாமல் மலையில் விளக்கேற்றுகிறவனுக்கு நான் கொண்டுபோன இலக்கணம் எதற்கு? நகரத்து நண்பர்கள் சிலர் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: 'அவங்களை அப்படியே விட்டுடுங்க சார், வெள்ளந்தி ஜனங்க.' சொல்கிறவர்களின் பிள்ளைகள் மட்டும் கான்வென்ட்டில்.

எங்கள் பழைய தென்னார்க்காட்டில், திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்வது ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு. சகலாகமங்களும் கற்ற அருணந்தி, சிறு பிள்ளையான மெய்கண்டாரிடம் போய் ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்டாராம். பிள்ளை பேசவில்லை, அவரையே ஏற இறங்கப் பார்த்தது. பண்டிதர் காலில் விழுந்தார். படிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல கதை. ஆனால் அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அருணந்தி அதற்குப் பின் ஏட்டைத் தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து சிவஞான சித்தியார் எழுதினார். மெய்கண்டாரும் பன்னிரண்டு சூத்திரத்தில் சிவஞான போதம் தந்தவர்தானே. எழுத்து கட்டு என்று சொல்ல, அதைக் கையில் வைத்திருந்தவனுக்கே வாய் உண்டு. கைநாட்டு வைக்கிறவனிடம் போய் அதைச் சொல்வது வேதாந்தமில்லை, மோசடி.

அன்று அந்தத் தகப்பனார் மடியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். காட்டு வழியாகக் கோயிலுக்குப் போகும் பாதை சம்பந்தமாக ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. மூன்று வாரமாக மடியிலேயே இருந்திருக்கிறது. படித்துச் சொன்னேன், பதில் மனுவும் எழுதினேன். பெருவிரலில் மை தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மாற்றலாகிப் போயிட்டா சாமி பாதைக்கு யாரு எழுதுவா, கவுண்டரே?"

அவர் தயங்கவே இல்லை. "அதுக்குத்தான் சின்னவன் இருக்கான். பெரியவன் சாமிக்கு, சின்னவன் காகிதத்துக்கு. ஆனியில கொண்டாந்து விடுறேன்."

இந்தப் பாகப்பிரிவினையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூசாரிக்கே படிக்கத் தெரிந்தால் என்ன குறை என்று வெகுநேரம் வாதாடினேன். திருவிழா முடிந்ததும் பெரியவனைத் திரும்ப அனுப்புவதாகத் தலையாட்டிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.