கற்றவன் பட்ட கடன்

பழமையை நேசிப்பவன் மக்களையும் நேசிக்கிறான் என்று கொள்ளலாமா? இடிந்த கோட்டையைக் கண்டு கண்கலங்குபவன், அதன் சுவரோரம் ஆடு மேய்க்கும் சிறுவனைக் காணாமலே போய்விடுவதுண்டு. அரிய செடியொன்றைத் தேடிச் செங்குத்துப் பாறையில் ஏறுபவன், வழிகாட்டியவனின் பெயரைக் கேளாமலே இறங்கி வருவதுமுண்டு. இது வெறும் பண்புக் குறைவன்று. அறிவு எவரிடமிருந்து பிறக்கின்றது, எவருக்கு உரியதாகின்றது என்னும் அறப்பிரச்சினையே இங்கு மறைந்து கிடக்கின்றது.

எட்வேட் லூயிட் (1660–1709) என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞரின் பயணங்கள் இதனை ஆராயத் தக்க சான்றாகும். ஒக்ஸ்போர்டிற் பட்டம் பெறாமலே படிப்பை விட்டவர். எனினும் 1691 இல் அங்குள்ள ஆஷ்மோலியன் நூதனசாலையின் காப்பாளரானார். தொன்மையான கற்கள், தாவரங்கள், மொழிகள் ஆகிய மூன்றும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆங்கிலேயர் ஸ்நோடோனியா என வழங்கிய எரிரி மலைநாட்டில் அவர் கண்ட செடிகளின் விபரங்கள், ஜோன் ரே 1690 இல் வெளியிட்ட தாவர நூலில் இடம்பெற்றன.

லூயிட் மாளிகையிலிருந்து ஊகித்து எழுதியவரல்லர். 1696 இல் வினாக்கொத்தொன்றை நாலாயிரம் பிரதிகள் அச்சிட்டு, வேல்ஸின் கோயிற்பற்றுகள்தோறும் அனுப்பினார். பழங்கற்கள் மட்டுமன்றி, மக்களின் வழக்கங்கள், பேச்சு வழக்குகள், செடிகொடிகள் ஆகியனவும் அதில் வினவப்பட்டன. பின்னர் 1697 முதல் 1701 வரை வேல்ஸ், அயர்லாந்து, ஸ்கொத்லாந்து, கோண்வால், பிரித்தானி ஆகிய நாட்டுப்புறங்களில் அலைந்து திரிந்தார். கேட்டறிதலை ஆராய்ச்சியின் முறையாக்கியது அவரது பெருமை என்பதில் ஐயமில்லை.

ஆயின், அவ்வினாக்கள் பெரும்பாலும் எவருடைய கைக்குச் சென்றன? எழுதப் படிக்கத் தெரிந்த குருமாருக்கும் நிலவுடைமையாளருக்குமே சென்றன. அறிவோ பல வேளைகளில் வேறிடத்திலிருந்து வந்தது. 1699 இல் அயர்லாந்தின் நியூகிறேஞ்ச் என்னுமிடத்தில், நிலப்பிரபுவின் கட்டளைப்படி பாதை அமைக்கக் கல் எடுத்த கூலியாட்களே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லறையின் வாயிலைக் கண்டனர். அதனை முதன்முதலில் விவரித்த அறிஞராக லூயிட் போற்றப்படுகிறார். நிலப்பிரபுவின் பெயரும் நிலைத்துவிட்டது. மண்வெட்டி பிடித்த கைகள் எவருடையவை என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை.

எரிரிப் பாறைகளில் அவர் கண்ட சிறு வெண்மலரின் கதையும் இத்தகையதே. பிரித்தானியாவில் அம்மலைநாட்டின் சில பாறைகளில் மாத்திரமே வளரும் அம்மலருக்குத் தாவரவியலார் அவர் நினைவாக 'லொயிடியா' எனப் பெயரிட்டனர். வேல்ஸ் மொழியில் அதற்கு 'மலையின் கோரையிலை' எனப் பொருள்படும் பெயருண்டு. ஒன்று கண்டவரைச் சுட்டுகின்றது. மற்றது செடியையே சுட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்னச்செடி மோகம் தலைக்கேறிய செல்வர்கள் இம்மலைகளின் அரிய பன்னங்களை வேரோடு பறித்துச் சென்றனர். செடியை நேசிப்பதாகவே அவர்களும் கூறினர்! உடைமையாக்கும் ஆசையும் அன்பென்னும் பெயரில் உலாவக்கூடும்.

கற்றவர் எழுதி வைத்திராவிடின் எல்லாம் அழிந்திருக்குமே எனச் சிலர் கேட்பர். கேள்வியில் நியாயமுண்டு. 1700 இல் லூயிட் கோண்வாலுக்குச் சென்றபோது அங்கு கோணிஷ் மொழி மறைந்துகொண்டிருந்தது. 1707 இல் வெளியான தம் நூலில் அதற்கு இலக்கணம் வகுத்தார். 1904 இல் ஹென்றி ஜென்னரின் கைநூலோடு தொடங்கிய மொழி மீட்பு முயற்சிக்கு அது துணையாயிற்று. ஆனால் அம்மொழி தானாக மாளவில்லை. 1549 இல் ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டதை எதிர்த்தெழுந்த கோண்வால் மக்கள் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டனர். அதிகாரம் அழித்ததை ஏடு பேணலாம். பேசும் நாவை ஏடு தனியே தரமாட்டாது. ஏட்டுக்கும் பாதுகாப்பில்லை. கடனாளியாக இறந்த லூயிட்டின் கையெழுத்துப் பிரதிகள் விற்கப்பட்டன. அவற்றிற் பல பின்னர் தீக்கிரையாயின.

எனவே, அறிஞனின் பங்கை மறுப்பது நம் நோக்கமன்று. அவன் படைத்தவன் மட்டுமல்லன், கடன்பட்டவனும் ஆவான் என்பதே நம் வாதம். அக்கடனை நன்றியுரையால் மாத்திரம் தீர்த்தல் இயலாது. பெற்ற அறிவை அதைத் தந்தவர்களின் மொழியில், அவர்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு மீட்டுக் கொடுக்கவேண்டும். அவர்கள் தம் நிலத்திலும் மொழியிலும் நிலைத்து வாழும் உரிமைக்குத் துணைநிற்கவேண்டும். 2022 இல் அம்மலைநாட்டுத் தேசியப் பூங்காவின் நிர்வாகம், எரிரி என்னும் வேல்ஸ் பெயரையே முதன்மையாக வழங்க முடிவு செய்தது. அது சிறு தவணையே. மாணவரை ஊர்ச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கல்லின் வயதையும் செடியின் பெயரையும் கற்பிப்பது நன்று. அவற்றைக் காட்டித் தந்தவர் யார், இன்று அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதையும் அவர்கள் குறிப்பேட்டில் எழுதச் செய்வாராக.