மாக்கோழியும் கிராஃபிக்ஸ் கார்டும்

கேமிங் பிசி அசெம்பிள் செய்து தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மானிட்டரைப் பற்றித்தான். பிராசசர், கார்டு எல்லாம் அதற்குப் பிறகு. 1080பி திரையில் ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1440பி என்றால் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே திரைக்கு 1080பி-யைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு, நொடிக்கு 60 தடவையோ 144 தடவையோ வரைந்து கொடுப்பது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. திரையை முடிவு செய்துவிட்டால் கார்டுக்கு ஓர் எல்லை விழும். மற்ற பாகங்கள் கார்டின் பின்னால் வரும். கார்டிலிருந்து தொடங்குகிறவனுக்கு எல்லையே கிடையாது, பர்ஸ் காலியாகிற இடம்தான் எல்லை.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. எங்கள் சமணத்தில் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள். ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. திகம்பர முனிவருக்கு உடுத்தத் துணிகூடக் கிடையாது. வீட்டில் இருப்பவனுக்கு விதி வேறு. வைத்துக்கொள், ஆனால் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடு என்பார்கள். அளவை அவனவனே வைத்துக்கொள்ளலாம், வைத்தபின் மீறக்கூடாது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணியாட்கள், துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் என்று பட்டியலே போடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டை நான் தட்டுமுட்டுச் சாமானில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் அதே நூல், பரிக்கிரகம் என்பது பொருள்மேல் நமக்கு வரும் மயக்கம்தான் என்றும் சொல்கிறது. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் இதைப் பிடித்துக்கொண்டான். "குத்தம் மனசுலதான்னா, பொருளுக்கு எதுக்கு மாமா அளவு? பற்றே இல்லாம ஒரு 4090 கார்டு வாங்கிட்டாப் போச்சு!"

விளையாட்டாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. பதில் எனக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், பாகங்கள் வாங்கப் போன இடத்தில்தான் கிடைத்தது. புறப்படுமுன் தாளில் எழுதிக்கொண்டோம்: 1080பி, 144 ஹெர்ட்ஸ், மானிட்டரோடு 90,000 ரூபாய். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி டிடிஆர்5, 1 டிபி எஸ்எஸ்டி எல்லாம் அதற்குள் அடங்கின. கார்டு இழுப்பது 115 வாட், பிராசசர் 65 வாட் வகை. மின்சாரம் கொடுக்க 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். கடைக்காரர் 850 வாட் எடுத்து வைத்தார். "பின்னாடி அப்கிரேடு பண்ணுவீங்க சார்." இன்னும் பிறக்காத பிள்ளைக்கு இன்றைக்கே பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்குவது போல. பையனும் ஆரம்பித்தான்: இன்னும் கொஞ்சம் போட்டால் 4060 டிஐ, அதற்கு மேல் கொஞ்சம் போட்டால் 4070. அந்தக் 'கொஞ்சம்' எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பேராசை என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

விரதம் மனதை விட்டுவிட்டுப் பொருளை அளக்கச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். மயக்கம் இருக்கிறதா என்று மனதைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்லும். வாங்கச் சொல்வதும் அதே மனம்தானே. 90,000 என்ற எண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "பற்று இல்லாதவனுக்கு 4060 எப்படிடா போதாமப் போகும்?" என்று கேட்டேன். அவன் 550 வாட்டை எடுத்து வைத்தான்.

சமந்தபத்திரர் இன்னும் கறாரானவர். அவருடைய இரத்தின கரண்டக சிராவகாசாரம் (தமிழில் அதை ஒட்டி எழுந்ததுதான் அருங்கலச்செப்பு) பிறர் செல்வத்தைக் கண்டு வியப்பதையே இந்த விரதத்தின் குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது. யாரோ ஒருவனின் கண்ணாடிக் கேபினெட்டில் வண்ண விளக்குகள் மின்னுவதை ராத்திரியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? அளவுக்கு மீறிப் பாரம் சுமக்க வைப்பதும் அதே பட்டியலில் உண்டு. ஓவர்கிளாக் பண்ணுகிறவர்கள் யோசிக்கட்டும்.

அக்காவின் ஆட்சேபம் வேறு. "சுடற விளையாட்டுக்குத்தானே இந்தப் பொட்டி? பொழுது சாஞ்சா நம்ம வீட்டுல ஒருவாய் சாப்பிடறதில்ல. கொலை மட்டும் ராத்திரி பூரா நடக்கணுமா?"

அவளுக்கு யசோதர காவியம் தெரியும். கெட்ட கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்று தாய் சந்திரமதி சொல்ல, யசோதர மன்னன் மனம் ஒப்பாமல் மாவில் செய்த கோழியை வெட்டுகிறான். ஓர் உயிரும் போகவில்லை. ஆனாலும் அவன் மயிலாகவும் அவள் நாயாகவும் பிறந்து, அதன்பின் விலங்குப் பிறவிகள் பலவற்றில் இருவரும் உழல்கிறார்கள். 4060 நொடிக்கு நொடி வரைந்து தருவதும் மாக்கோழிதானே? கார்டு உயர உயர, அந்த மாவில் வழிகிற ரத்தம் இன்னும் நிஜம் போலத் தெரியும். நாங்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

இதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. ஆனால் அரசன் வெட்டும்போது, ஓர் உயிரைத் தேவிக்குக் கொடுக்கிறேன் என்றுதான் எண்ணினான். உயிருக்குப் பதில் நின்றது அந்த மாவு. என் மருமகன் யார் உயிரையும் யாருக்கும் கொடுக்கவில்லை. சுடப்பட்டு விழுகிறவன் அடுத்த சுற்றில் எழுந்து வருவான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டும் ஒரே வினை என்று என்னால் சொல்ல முடியாது.

என்னை உறுத்துவது வேறொன்று. நண்பன் வீட்டில் அவன் விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். தோற்றதும் ஹெட்செட் மைக்கில் முகம் தெரியாத யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவன் மாவில் செய்தவன் அல்ல. எங்கள் நூல்கள் இம்சை என்று சொல்வது இதைத்தான், அதற்கு ஒரு வாட்கூட மின்சாரம் தேவையில்லை.

பெட்டி 90,000-க்குள் முடிந்து அவன் அறையில் ஓடுகிறது. தாளில் அவன் எழுதியிருந்தவற்றில் மைக் வைத்த ஹெட்செட்டை மட்டும் அடித்துவிட்டேன். வேண்டுமானால் சம்பாதித்து அவனே வாங்கிக்கொள்ளட்டும்.